செயலியின் வெப்பமும் காற்றுக் குளிர்விப்பானும்

வேகத்தை விரும்புவோர் வெப்பத்தையும் உடன் ஏற்றாகவேண்டும். மேசைக் கணினியொன்றின் செயலி, அதனை ஆக்கியோர் வகுத்த வேகத்திலே ஓடும்போது ஓரளவு வெப்பத்தையே வெளிவிடுகின்றது. அதே செயலியை அதன் உரிமையாளர் தம் பொறுப்பில் மேலும் விரைந்து ஓடச்செய்வாராயின், வெப்பம் அந்த வேகத்தின் விகிதத்தில் மட்டும் கூடுவதில்லை. அதனை முந்திக்கொண்டு கூடுகின்றது. ‘ஓவர்குளொக்கிங்’ என்று கணினி பயில்வோர் வழங்கும் இம்முயற்சியில் இறங்குவோருட் பலர், முதலிற் கடைக்குச் சென்று, கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றும் குளிர்விப்பான் ஒன்றை வாங்கிவந்து பூட்டுகின்றனர். எதிர்பார்த்த தணிவு கிட்டாதபோது பொருளைக் குறைகூறுகின்றனர். குறை பெரும்பாலும் பொருளில் இல்லை. கணக்குப் பாராது வாங்கியதிலேயே உள்ளது.

அக்கணக்கு யாதெனப் பார்ப்போர் வெப்பம் பிறக்கும் இடத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். செயலியின் உள்ளே, விரல்நகத்தை ஒத்த சிலிக்கன் துண்டிலே, கோடிக்கணக்கான நுண்ணிய ஆளிகள் அமைந்துள்ளன. ஒவ்வொரு துடிப்பிலும் அவற்றுட் பல மின்னேற்றம் பெறுகின்றன. பின்னர் அதனை இழக்கின்றன. இவ்வாறு செலவாகும் சக்தி முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே மாறுகின்றது. இவ்வெப்பவலு இரண்டு காரணிகளைப் பெரிதும் பொறுத்தது. நொடிக்கு எத்தனை துடிப்பு என்னும் மீடிறன் ஒன்று. செயலிக்கு ஊட்டப்படும் வோல்ற்றளவு மற்றொன்று. மீடிறன் கூடினால் வெப்பம் நேர்விகிதத்திற் கூடும். வோல்ற்றளவு கூடினாலோ, அதன் வர்க்கத்திற்கேற்பக் கூடும். விரைந்து துடிக்கும் செயலி தடுமாறாது இயங்குவதற்கு மிகுந்த வோல்ற்றளவு வேண்டியிருப்பதால், வேகத்தை உயர்த்துவோர் பெரும்பாலும் இரண்டினையும் சேர்த்தே உயர்த்துகின்றனர்.

எண்களை இட்டுப் பார்த்தால் இதன் விளைவு தெளிவாகும். 4.5 கிகாஹேட்ஸ் வேகத்தில், 1.20 வோல்ற்றில் ஓடும் செயலியொன்று 150 உவாற்று வெப்பத்தை வெளிவிடுவதாகக் கொள்ளலாம். அதனை 5.0 கிகாஹேட்சுக்கு உயர்த்துவதற்கு 1.35 வோல்ற்று வேண்டியிருக்கின்றது எனின், வேகம் 1.11 மடங்காகின்றது; வோல்ற்றளவின் வர்க்கம் ஏறத்தாழ 1.27 மடங்காகின்றது. இரண்டையும் பெருக்கினால் 1.41. ஆகவே 150 உவாற்று 211 உவாற்றாக உயர்கின்றது. வேகத்தில் நூற்றுக்கு 11 வரவு. வெப்பத்தில் நூற்றுக்கு 41 செலவு. வெப்பநிலை உயர உயரச் செயலியினுள்ளே மின்கசிவும் மிகுவதால், உண்மைச் செலவு இதனினும் சற்றுக் கூடுதலாகவே அமையும்.

இனி, இவ்வெப்பத்தை அகற்றவந்த கருவியை நோக்கலாம். ‘குளிர்விப்பான்’ என்னும் பெயரே மயக்கம் தருவது. குளிர்சாதனப் பெட்டியில் இருப்பது போன்ற அமுக்கி இதிலே கிடையாது. இது குளிரை ஆக்குவதில்லை. செயலியின் வெப்பத்தை வாங்கி அறைக்காற்றிலே கொண்டுபோய்ச் சேர்க்கும் சுமைகாரனாகவே தொழிற்படுகின்றது. ஆகையால் எத்துணை உயர்ந்த காற்றுக் குளிர்விப்பானும் செயலியை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுவர இயலாது. அதனாலேயே, செயலியின்மீது பனிநீர் படியுமோ என்னும் அச்சமும் இக்கருவியைப் பொறுத்தவரை தேவையற்றது.

ஒவ்வொரு உவாற்று வெப்பத்துக்கும் செயலி, அறையைக் காட்டிலும் எத்தனை பாகை உயர்ந்து நிற்கின்றது என்பதே குளிர்த்தலின் அளவுகோல். முன்னர்க் கண்ட செயலி, 150 உவாற்றில் ஓடுகையில், 30 பாகை செல்சியஸ் உள்ள அறையிலே 75 பாகையைக் காட்டுகின்றது எனக் கொள்ளலாம். ஏற்றம் 45 பாகை. அஃதாவது உவாற்று ஒன்றுக்கு 0.30 பாகை. அதே குளிர்விப்பானோடு 211 உவாற்று வந்துவிட்டால், ஏற்றம் ஏறத்தாழ 63 பாகையாகும். செயலி 93 பாகையைத் தொடும். அதே கணினியை 18 பாகை உள்ள அறையில் வைத்தால் அது 81 பாகையில் நின்றுவிடும். கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை. நுவரெலியாவினது ஏறத்தாழ 16 பாகை. ஒரே கருவி ஓரிடத்தில் நற்பெயரும் இன்னோரிடத்தில் பழியும் பெறுவதற்கு இந்த வேறுபாடு ஒன்றே போதும். பிறநாட்டுச் சோதனை முடிவுகளைப் படிப்போர், செயலி எத்தனை பாகையில் நின்றது என்பதை மட்டும் பார்த்தல் தகாது. சோதித்த அறையின் வெப்பநிலையைக் கழித்து, எஞ்சிய ஏற்றத்தைத் தம் அறையின் வெப்பநிலையோடு கூட்டிக்கொள்ளல் வேண்டும். குளிர்ந்த நாட்டு அறையிலே 85 பாகையென்று பாராட்டப்பெற்ற ஏற்பாடு, வெப்பநாட்டு அறையிலே எல்லையை எட்டிவிடக்கூடும்.

பெரிய குளிர்விப்பான் ஏன் பல வேளைகளில் ஒருசில பாகைகளையே குறைக்கின்றது என்பது அடுத்த வினா. வெப்பம் சிலிக்கன் துண்டிலிருந்து புறப்பட்டு, அதன் மேலுள்ள உலோக மூடியைக் கடந்து, வெப்பப் பசையைக் கடந்து, குளிர்விப்பானின் அடித்தளத்தை அடைந்து, குழாய்கள் வழியே தகடுகளுக்கேறி, அதன்பின்னரே காற்றைச் சேருகின்றது. இவ்வழியின் முற்பகுதி மிகவும் ஒடுங்கியது. ஏ.எம்.டி நிறுவனம் 2022 இல் வெளியிட்ட ரைசன் 7000 வரிசைச் செயலிகளிலே, கணிப்புக் கருக்களைத் தாங்கும் துண்டின் பரப்பு ஏறத்தாழ 70 சதுர மில்லிமீற்றர் மட்டுமே. சுண்டுவிரல் நகத்தினும் பெரிதல்லாத அவ்விடத்திலிருந்து 100 உவாற்று வெளியேறவேண்டுமாயின், சதுரச் சதமமீற்றர் ஒன்றுக்கு 140 உவாற்று என்றாகின்றது. துணி மடிக்கும் மின்னழுத்தி ஆயிரம் உவாற்றை உண்டாலும், அதனைக் கையகலத் தட்டிலே பரப்பிவிடுகின்றது. நகத்தளவுச் சிலிக்கனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒடுங்கிய வாயிலில் நெருக்கடி இருக்கும்போது வெளிமுற்றத்தை அகலமாக்குவதால் கிடைக்கும் பயன் சிறிதே.

முன்னைய எடுத்துக்காட்டில் உவாற்று ஒன்றுக்கு 0.30 பாகை என்பதில் 0.18 பாகை செயலியின் உள்ளும் பசையிலும், 0.12 பாகை குளிர்விப்பானிலும் ஏற்படுவதாகப் பிரித்துக்கொள்ளலாம். இருமடங்கு விலைகொடுத்து, 0.12 ஐ 0.10 ஆகக் குறைக்கும் குளிர்விப்பானை வாங்கினால், 211 உவாற்றில் மிச்சமாவது 4 பாகை. மாறாக, அதே குளிர்விப்பானை வைத்துக்கொண்டு, செயலி தடுமாறாத அளவுக்கு வோல்ற்றளவை 1.35 இலிருந்து 1.28 ஆகப் பொறுமையோடு இறக்க முடிந்தால், வெப்பம் 190 உவாற்றாகக் குறையும். செயலி 87 பாகைக்கு வந்துவிடும். மிச்சம் 6 பாகை, செலவு ஏதுமில்லை. ஆகவே குளிர்விப்பானைத் தெரிவதற்கு முன்னர்ச் செய்யவேண்டியது, வேண்டாத வோல்ற்றைக் களைந்து, அதன்பின் எஞ்சும் உண்மைச் சுமையை அறிதலாகும்.

வெப்பத்தின் வழி எத்துணை முதன்மையானது என்பதற்கு ஏ.எம்.டி நிறுவனத்தின் மூன்று செயலிகளே சான்று. 2022 இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, 2023 இல் வந்த 7800எக்ஸ்3டி ஆகியவற்றில், மேலதிக நினைவகத் துண்டு கணிப்புக் கருக்களின் மேலே அடுக்கப்பட்டிருந்தது. கருக்களின் வெப்பம் மேலேறுவதற்கு அஃது இடையூறாயிற்று; உரிமையாளர் வேகப் பெருக்கியை விருப்பம்போல் உயர்த்துவதற்கும் அச்செயலிகளில் இடமளிக்கப்படவில்லை. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் அந்நினைவகத் துண்டு கருக்களுக்குக் கீழே மாற்றப்பட்டது. கருக்கள் மூடிக்கு அண்மையில் வந்தன. வேகத்தை உயர்த்தும் உரிமையும் திறந்துவிடப்பட்டது. வெளியேயுள்ள குளிர்விப்பான் மாறவில்லை. உள்ளே வழி மாறியது.

குளிர்விப்பானின் உயிர்நாடி அதன் வெப்பக்குழாய்கள். வெற்றிடமாக்கிய செப்புக்குழாயினுள்ளே சிறிதளவு நீரும், உட்சுவரை ஒட்டி நுண்துளைச் செப்புப் படையும் உண்டு. சூடான முனையிலே நீர் ஆவியாகின்றது. ஆவி குளிர்ந்த முனைக்கு விரைந்து, அங்கே மீண்டும் நீராகித் தான் சுமந்த மறைவெப்பத்தை இறக்கிவைக்கின்றது. நுண்துளைப் படை அந்நீரை உறிஞ்சி மீண்டும் சூடான முனைக்குக் கொண்டுவருகின்றது. புட்டுப் பானையின் நீராவி கையிற் பட்டால், கொதிநீரைக் காட்டிலும் கடுமையாகச் சுடுவதை அடுக்களையில் நிற்போர் அறிவர். அந்தச் சூட்டுக்குக் காரணமான மறைவெப்பமே இங்கே பயன்தருகின்றது. இத்தகைய அமைப்புக்கு ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கோக்லர் என்பவர் 1942 இல் விண்ணப்பித்து 1944 இல் காப்புரிமை பெற்றார். எனினும், 1963 இல் அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் தனியே ஆக்கிக்காட்டிய பின்னரே வெப்பக்குழாய் உலகின் கவனத்தைப் பெற்றது.

கடைகளிற் காணப்படும் குளிர்விப்பான்கள் இருவகைப்பட்ட தோற்றம் உடையன. ஒற்றைக் கோபுரம் போன்றது ஒன்று. நடுவே விசிறி தாங்கிய இரட்டைக் கோபுரம் மற்றொன்று. ஒஸ்திரிய நிறுவனமாகிய நொக்டுவா 2014 இல் வெளியிட்ட என்எச்-டி15 இரட்டைக் கோபுர வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 6 வெப்பக்குழாய்கள், 165 மில்லிமீற்றர் உயரம், விசிறிகளோடு 1,320 கிராம் நிறை என்பன அதன் அளவுகள். 2024 இல் வந்த அதன் இரண்டாந் தலைமுறை 8 குழாய்களும் 168 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. தெர்மல்ரைட் நிறுவனத்தின் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்ஈ என்பதும் 6 குழாய்கள் கொண்ட இரட்டைக் கோபுரமே. 155 மில்லிமீற்றர் உயரம் உடையது. நொக்டுவாவின் புதிய கருவி அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது, அதன் விலையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்குக்கே இது விற்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையே சோதனைகளிற் காணப்படும் வேறுபாடு ஒருசில பாகைகளே. அந்தச் சில பாகைகளும் விசிறியின் அமைதியும் வேண்டுவோர் விலை கொடுக்கலாம். ஏனையோர் விரலுக்குத் தகுந்த வீக்கத்தோடு அமைதல் நன்று.

பெட்டியின்மேல் அச்சிடப்படும் உவாற்று எண்ணை மட்டும் நம்பி வாங்குதல் தவறு. ‘இத்தனை உவாற்றுத் தாங்கும்’ என்னும் அறிவிப்புக்கு எல்லா நிறுவனங்களும் பின்பற்றும் பொதுவான அளவுமுறை இல்லை. செயலியின் பக்கத்திலும் எச்சரிக்கை வேண்டும். 2023 இல் வந்த இன்டெல் கோர் ஐ9-14900கே செயலிக்கு அடிப்படை வலு 125 உவாற்று என்றும், உச்ச வலு 253 உவாற்று என்றும் இரண்டு எண்கள் குறிக்கப்பட்டுள்ளன. ஏ.எம்.டி ரைசன் 9 7950எக்ஸ் செயலிக்கு 170 உவாற்று என்று பெயர்; சுமையின்போது 230 உவாற்று வரை செல்ல அதற்கு இடமுண்டு. கணக்கிற் கொள்ளத்தக்கது பெரிய எண்ணே. வேகத்தை உயர்த்துவோர் அவ்வெல்லைகளையும் நீக்கிவிட்டால், அளந்தறியும் எண்ணைத் தவிர வேறெதுவும் உதவாது.

வாங்குமுன் அளவுநாடாவை எடுத்தலும் இன்றியமையாதது. கணினிப் பெட்டி எத்தனை மில்லிமீற்றர் உயரமுள்ள குளிர்விப்பானை ஏற்கும் என்பது அதன் விவரத்தாளில் இருக்கும். நினைவகத் தட்டுகள் உயரமானவையாயின், முன்விசிறியை மேலே உயர்த்திப் பூட்ட நேரும். அப்போது மொத்த உயரமும் கூடிவிடும். செயலியைப் பூட்டும் ஏந்தியின் வகைக்குரிய பிடிமானம் உடன்வருகின்றதா என்பதையும் உறுதிசெய்தல் வேண்டும். ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரம் தாய்ப்பலகையிலே பக்கவாட்டில் தொங்குவதால், கணினியைத் தொலைவுக்கு ஏற்றியனுப்புவோர் குளிர்விப்பானைக் கழற்றி வைத்தல் நன்று.

அடித்தளத்தின் வடிவமும் கவனத்துக்குரியது. 2021 இல் இன்டெல் கொணர்ந்த எல்ஜிஏ1700 ஏந்தியின் பூட்டு, செயலியை நடுவே அழுத்தி அதன் மூடியைச் சிறிது வளையச் செய்வதைப் பலர் அளந்துகாட்டினர். அவ்வளைவை ஈடுசெய்யவே, நொக்டுவாவின் இரண்டாந் தலைமுறைக் கருவி அடித்தளக் குவிவு மூன்று வகைப்பட்டதாக விற்பனைக்கு வந்தது. ரைசன் செயலிகளிலோ வெப்பம் பிறக்கும் துண்டு மூடியின் நடுவிலன்றி ஓரமாக அமைந்துள்ளது. குளிர்விப்பானை 7 மில்லிமீற்றர் விலக்கிப் பூட்டும் சட்டங்களை அதே நிறுவனம் வெளியிட்டு, 1 முதல் 3 பாகை வரை தணிவு கிட்டுமென்று அறிவித்தது. பொருத்தம் என்பது திருகு இறுகுவதோடு முடிவதன்று.

வெப்பப் பசையின் வேலை, இரண்டு உலோகப் பரப்புகளுக்கிடையே எஞ்சும் நுண்பள்ளங்களிலிருந்து காற்றை வெளியேற்றுவதாகும். செம்பு, காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 15,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். பசையோ செம்பினும் பலமடங்கு தாழ்ந்தது. ஆகவே அது பள்ளங்களை நிரப்பும் அளவுக்கு மெல்லியதாக இருத்தல் வேண்டும். தடித்த படை தானே தடையாகிவிடும். திருகுகளை ஒருபுறம் முழுதும் இறுக்காது, எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கினால் அழுத்தம் சமமாகும். அடித்தளத்தில் ஒட்டியுள்ள காப்புத் தாளை உரிக்க மறந்து, கருவியைப் பழிப்போரும் உண்டு.

குளிர்விப்பான் சுவாசிப்பது அறைக்காற்றை அன்று, பெட்டியினுள் உள்ள காற்றையே. 320 உவாற்று உண்ணும் ஆர்டிஎக்ஸ் 4080 போன்ற வரைவியல் அட்டையொன்று அருகே இயங்குமாயின், அதன் வெப்பமும் அக்காற்றிலேயே கலக்கும். அறை 30 பாகையாக இருக்க, பெட்டியின் உள்ளே 40 பாகையானால், செயலியும் பத்துப் பாகை உயர்ந்தே நிற்கும். முன்புறத்தாற் காற்று வந்து பின்புறத்தாலும் மேற்புறத்தாலும் வெளியேறும் வண்ணம் விசிறிகளை ஒழுங்குசெய்தல், விலையுயர்ந்த குளிர்விப்பானைக் காட்டிலும் பயன்தருவதுண்டு. தூசு அடைத்த வலையைத் துடைத்தலும் அவ்வாறே.

ஓசையைப் பற்றியும் ஒரு சொல். விசிறியின் வேகத்தை இருமடங்காக்கினால் காற்றோட்டம் இருமடங்காகும். ஆனால் விசிறி உண்ணும் வலு எட்டு மடங்காகும். ஓசை ஏறத்தாழ 15 டெசிபெல் கூடும். அவ்வாறு பெற்ற காற்றும், முன்கூறிய ஒடுங்கிய வாயிலைத் திறந்துவிடுவதில்லை. மெல்லச் சுழலும் பெரிய விசிறி, விரைந்து சுழலும் சிறிய விசிறியினும் மேலானது என்பது இதனாலேயே.

எந்த வெப்பநிலையில் அஞ்சவேண்டும்? ரைசன் 7000 வரிசை கடுஞ்சுமையில் 95 பாகை வரை செல்லும்படியே வடிவமைக்கப்பட்டது என்று அதன் நிறுவனம் 2022 இல் அறிவித்தது. கோர் ஐ9-14900கே செயலியின் எல்லை 100 பாகை. எல்லையை எட்டியதும் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே அங்கே உடனடியாக இழக்கப்படுவது செயலியன்று. உரிமையாளர் பாடுபட்டுப் பெற்ற வேகமே. நெடுநாட் கேட்டுக்கு வெப்பத்தோடு வோல்ற்றளவும் காரணமாகும். இன்டெல் நிறுவனத்தின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சில நிலைதளர்ந்ததற்கு, மிகையான வோல்ற்றளவினாலும் வெப்பத்தினாலும் உட்சுற்றொன்று விரைந்து தேய்ந்ததே காரணம் என அந்நிறுவனம் 2024 இல் விளக்கி, திருத்த ஆணைத்தொகுதிகளை வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. குளிர்விப்பான் வெப்பத்தைத்தான் சுமக்கும். வோல்ற்றளவு செய்யும் தேய்வை அதனால் முற்றாகத் தடுக்க இயலாது.

பூட்டி முடித்தபின் சோதித்தல் வேண்டும். உலோகத் திரள் சூடேறுவதற்கு நேரம் எடுப்பதால், இரண்டு நிமிடச் சோதனை ஏமாற்றும். எல்லாக் கருக்களுக்கும் வேலை கொடுத்து அரைமணிநேரம் ஓடவிட்டு, அறையின் வெப்பநிலையையும் உடன் குறித்துவைத்தல் நன்று. நண்பகல் வெயிலிற் சோதித்துத் தேறிய ஏற்பாடு இரவிலும் தேறும். இரவிலே தேறியது நண்பகலில் தேறுமென்பதற்கு உறுதியில்லை. 200 உவாற்றுக்கு உட்பட்ட சுமைக்கு நல்ல இரட்டைக் கோபுரம் பொதுவாகப் போதுமானது. 250 உவாற்றைத் தாண்டி இடையறாது ஓடவேண்டியிருப்பின், நீர்வழிக் குளிர்விப்பானை நாடலாம். ஆயினும் அதுவும் ஈற்றில் வெப்பத்தைக் காற்றிலேயே விடுகின்றது. நீரேற்றியும் குழாயும் பழுதுபடக்கூடிய மேலதிக உறுப்புகள். காற்றுக் குளிர்விப்பானிலே பெரும்பாலும் தேய்வது விசிறியொன்றே. அதனைச் சிறு செலவிலே மாற்றலாம்.

எனவே, வாங்க எண்ணுவோர் தம் கையிலே மூன்று எண்களோடு கடைக்குச் செல்வாராக: வோல்ற்றளவைத் திருத்தியபின் செயலி வெளிவிடும் உவாற்று, நண்பகலிலே தம் அறையின் வெப்பநிலை, பெட்டி ஏற்கும் உயரம். இம்மூன்றும் தெரிந்தவருக்கு எந்தக் கருவி போதும் என்பதைக் கடைக்காரர் சொல்லவேண்டியதில்லை. நூற்றுக்கு 11 பங்கு வேகத்துக்காக நூற்றுக்கு 41 பங்கு வெப்பத்தைச் சுமக்கத்தான் வேண்டுமா என்பதையும் அவர் அப்போது தாமே தீர்மானித்துக்கொள்வர்.